தரைக்குத் தெரிந்தவள்

வலது காலை எடுத்து வைத்தாள். விளக்கு எரியவில்லை.

வாசற்படிக்கு மேலே தொங்கிய விளக்கைப் பந்தலில் இருந்த அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுயம்புக்கனி காலை எடுத்து மறுபடியும் வைத்தாள், இந்தத் தடவை கொஞ்சம் அழுத்தி. கொலுசு சத்தம்தான் கேட்டது. ஆரத்தித் தட்டோடு நின்றவள் தட்டைச் சுற்றுவதா இறக்குவதா என்று தெரியாமல் பக்கத்து ஆளைப் பார்த்தாள்.

"பல்பு போயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே மாமியார் தங்கபுஷ்பம் முன்னால் வந்து அதே தரை ஓட்டில் தன் காலை வைத்தாள். விளக்கு பளீரென்று எரிந்தது. ஏதோ தப்பு செய்துவிட்டவள் போல அவள் காலைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். ஆனால் எரிந்த விளக்கு கொஞ்ச நேரம் எரிந்துவிட்டுத்தான் அணைந்தது. பந்தலில் யாரும் எதையும் தவறவிடவில்லை.

தங்கபுஷ்பத்தின் அக்கா ஜெயக்கொடி, சுயம்புக்கனிக்கு இனிமேல் பெரியத்தை, மெதுவாகத்தான் சொன்னாள். "வீட்டுக்குப் பிடிக்கலன்னா வெளக்கு என்ன செய்யும்."

மிதித்தால் விளக்கெரியும் மிதி ஓடு வந்ததிலிருந்து உடன்குடிப் பக்கத்தில் காலொளி பார்ப்பது கல்யாணத்தில் ஒரு சடங்காகிவிட்டது. மேளத்தை விட்டவர்கள் இருக்கிறார்கள், அய்யரை விட்டவர்கள் இருக்கிறார்கள். காலொளியை யாரும் விடவில்லை. பெண்ணை மட்டும் நிறுத்தி வைத்துப் பார்க்கிற சடங்கு என்றால் அதற்குச் சாவே கிடையாது.

கம்பி மின்சாரம் ஆலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் என்று ஆன காலம் அது. வீடுகள் தரையால் எரிந்தன. மிதித்தால் ஓட்டுக்குள் இருக்கும் பீங்கான் நசுங்கும், நசுங்கினால் மின்சாரம் கசியும், பக்கத்து விளக்குக்கு அது போதும். நாலு பேர் நடமாடுகிற வீடு வெளிச்சமாக இருக்கும். ஒண்டி ஆள் வீடு மங்கலாக இருக்கும். பிள்ளைகள் ஓடினால் இப்போதெல்லாம் யாரும் திட்டுவதில்லை.

இந்த ஓட்டைச் செய்ய ஒரு காலத்தில் பெரிய உலையும் வெளிநாட்டு மருந்தும் வேண்டியிருந்தது. இப்போது வட்டாரச் சூளையில் பெண்கள் செய்கிறார்கள். தேரிக் காட்டுச் செம்மணலில் பிரித்த டைட்டானியம், கையுறை போட்டு அள்ளுகிற பேரியம் தூள், இரண்டையும் புளிக்கரைசலில் போட்டுக் காய்ச்ச வேண்டும். புளியின் அமிலம் இரண்டையும் பிடித்து வைத்துச் சமமாகக் கலக்கும். கூழ் கெட்டிப்படும்போது கருப்பட்டியைப் போட்டால் அது பற்றி எரிந்து, அந்தச் சூட்டிலேயே எல்லாம் வெள்ளை மாவாக உதிரும். மாவை அச்சில் அழுத்திச் சுட்டு, கடைசியில் மின்புலத்தில் வைத்துத் திசையூட்ட வேண்டும். ஓட்டுக்குள் கோடிக்கணக்கான நுண்மணிகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் ஒரே பக்கம் பார்க்க வைப்பதுதான் திசையூட்டல். அதன் பிறகு அவை பார்த்த திசையை மறப்பதில்லை.

அந்தச் சூளையின் வேதியியலாளர் சுயம்புக்கனிதான். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் உப்பு வாருகிறவர்கள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தது அவள் ஒருத்தி. ஊரில் பாதி வீட்டுத் தரை அவள் திசையூட்டியது, இந்த வீட்டுத் தரை உட்பட. அவள் செய்த தரையே அவளைத் தெரியாது என்றது.

கணவன் லிங்கதுரை கருப்பட்டி வேன் ஓட்டுகிறவன், நல்லவன். காலையில் போய்ப் பொழுது சாயும்போது வருவான். விளக்கு விஷயத்தை அவன் ஒரு தமாஷாகத்தான் எடுத்துக்கொண்டான். எரியாவிட்டால் என்ன, உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா என்றான். அப்படிச் சொல்வது அவனுக்கு எளிது.

தங்கபுஷ்பம் அப்படி விடவில்லை. சாயங்காலம் மருமகள் அடுப்படிக்கு எழுந்தால் தானும் எழுந்து முன்னால் நடந்தாள். குளியலறைக்குப் போனால் வாசலில் நின்று ஓட்டை மிதித்துக்கொண்டே ஊர்க்கதை பேசினாள். மருமகள் துணி மடித்தால் இவள் அந்த அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். பார்த்தவர்கள், மாமியார் மருமகளைக் காவல் காக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். நிஜத்தில் அவள் வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தாள். முட்டி வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "நீ வந்த பெறவுதான் எனக்கு நடையே கூடியிருக்கு" என்று சிரிப்பாள்.

சிரித்தாலும் அவளுக்குள் ஒரு கலக்கம் இருந்தது. ஓடு பொய் சொல்லாது என்று தெரு முழுக்க நம்பியது, அவளும் நம்பினாள். ஜெயக்கொடி வாரம் தவறாமல் வந்து வாசல் ஓட்டில் மருமகளை நிறுத்திப் பார்த்தாள். கடைசியில் ஒரு முடிவையும் சொல்லிவிட்டுப் போனாள். ஆடிக்குப் புதுப்பெண் எப்படியும் தாய்வீடு போகத்தான் போகிறாள். ஆவணி பிறந்ததும் வரட்டும், வாசலில் கால் வைக்கட்டும். எரிந்தால் உள்ளே. எரியாவிட்டால் அவள் அங்கேயே இருக்கட்டும், இரண்டு வீட்டுக்கும் அதுதான் நல்லது. தங்கபுஷ்பம் அக்காவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள். லிங்கதுரை, ஆடிக்கு இன்னும் நாள் இருக்கே என்றான்.

சுயம்புக்கனிக்கு வந்த கோபத்தில் அந்த வாரம் சூளையில் மூன்று தொகுதி மாவைக் கருக்கினாள். ஓட்டை அளந்து பார்த்தாள். விரிசல் இல்லை, திசை சரியாக இருந்தது. சூளைக் கூடத்தின் தரை யார் மிதித்தாலும் எரிந்தது. நாய் மிதித்தாலும் எரிந்தது. இந்த வீட்டுத் தரைக்கு மட்டும் என்ன கொழுப்பு என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

பிடிபட்டது அடுப்படியில். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு. தங்கபுஷ்பம் பானையிலிருந்து கரேலென்ற புளியை உருண்டையாக எடுத்துக் கொடுத்தாள். சுயம்புக்கனி கரைத்து ஊற்றிவிட்டு உப்பு மரவையை எடுத்தாள்.

"உப்பு போடாதட்டி. பழம்புளி. அதுலயே கல்லுப்பு கெடக்கு, நான்தான அடைச்சு வச்சேன்."

மரவையை எடுத்த கை அப்படியே நின்றது. "ஓட்டுக்குக் குடுத்ததும் இந்தப் புளிதானா அத்தை?"

"பின்ன? நம்ம வீட்டுத் தரைக்குக் கடைப்புளியவா குடுப்பேன்?"

அதுதான் ஊர் வழக்கம். அவரவர் வீட்டு ஓட்டுக்கு அவரவர் வீட்டுப் புளி. கௌரவமான வீடு என்றால் பழம்புளி, பூச்சி விழாமல் உப்புப் போட்டு வருஷக்கணக்கில் அடைத்து வைத்தது. செய்முறை எழுதியவர்கள் நகரத்தில் பொட்டலப் புளி வாங்குகிறவர்கள். புளியில் உப்புப் போடுகிற ஊர் ஒன்று உண்டு என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சூளைப் பெண்களுக்கோ அது சொல்ல வேண்டிய சங்கதியாகவே தோன்றவில்லை. சுயம்புக்கனி வீட்டில் அன்றன்றைக்கு அரை உருண்டை வாங்கித்தான் குழம்பு. புளி பழசாகிற அளவுக்கு அங்கே ஒருநாளும் இருந்ததில்லை. அதனால் அவளுக்கும் தெரியவில்லை.

உப்பிலுள்ள சோடியம் ஓட்டுக்குள் போய் நுண்மணிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. தினமும் ஒரே எடை, ஒரே குதிகால், ஒரே வேகம் என்று மிதி விழுந்தால், சோடியம் அந்த மிதிக்குத் தோதாகவே எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்து வைக்கிறது. வேறு கால் வந்தால் நுண்மணிகள் அசைவதில்லை. சுத்தமான ஓடு திசையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளும். உப்பு ஓடு ஆளையும் ஞாபகம் வைத்துக்கொள்கிறது.

சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அன்று பொழுது இருட்டியதும் மாமியாரைக் கட்டிலில் உட்காரவைத்து, காலையும் தூக்கி மேலே வைக்கச் சொன்னாள். தானும் பக்கத்தில் ஏறிச் சம்மணம் போட்டுக்கொண்டாள். அப்புறம் வாசலில் இருந்த லிங்கதுரையிடம் அடுப்படியில் போய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள்.

அவன் எழுந்து நடந்தான். கூடம் இருட்டாகவே இருந்தது. அடுப்படியும் இருட்டு. ஆட்டுரலில் கால் இடித்த சத்தம் வந்தது.

"எம்மா, வெளக்குக்கு என்னாச்சு?"

தங்கபுஷ்பம் கட்டிலில் காலைத் தூக்கி வைத்தபடி, வாய் திறந்தது திறந்தபடி இருந்தாள். அவன் காலுக்கு எரிகிறது என்று அவனும் அவளும் நினைத்திருந்த விளக்கெல்லாம், அவனுக்குப் பின்னால் காப்பியோடும் துண்டோடும் வந்த அம்மா காலுக்குத்தான் எரிந்திருக்கிறது.

"எம்மவனையுமா இதுக்குத் தெரியல?" என்றாள் கடைசியில்.

"அவிய எங்க நடந்தாவ? நீங்கதான நடந்திய. இது பிடிக்கிறது பிடிக்காதது இல்ல அத்தை. உப்பு."

தீர்வு ஒன்றுதான். ஒரு குறிப்பிட்ட சூட்டுக்கு மேல் போனால் ஓடு எல்லாத் திசையையும் இழந்துவிடும். மறதிச் சூடு என்று சூளையில் பெயர். கொதிக்கிற தண்ணீரைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு புதிதாகத் திசையூட்டிப் பதிக்கலாம்.

தெருவிலேயே வெளிச்சமான வீடு என்று தங்கபுஷ்பத்துக்கு ஒரு பெருமை இருந்தது. வேறு பெருமைகள் அவளுக்கு அதிகம் வாய்க்கவில்லை.

"அப்ப என்னையும் மறந்துரும்."

"ஆமா அத்தை."

"மறக்கட்டும். அதுக்கு நடந்து நடந்து என் முட்டி தேஞ்சதுதான் மிச்சம். பேத்து எடுட்டி."

கடலை வறுக்கிற பெரிய இரும்புச் சட்டியைப் பின்வாசலில் அடுப்பில் ஏற்றி, தேரி மணலைக் கொட்டிச் சுடவைத்தார்கள். ஓடுகளை மணலுக்குள் புதைத்துப் புதைத்து எடுத்தார்கள். லிங்கதுரை பெயர்த்துக் கொண்டுவந்து கொடுத்தான். அவ்வப்போது மாமியார் ஒரு ஓட்டைத் தட்டிப் பார்த்து, இது அடுப்படி மூலை ஓடு, இதுல எவ்வளவு நேரம் நின்னுருப்பேன் தெரியுமா என்று சொல்லிவிட்டு மணலுக்குள் தள்ளினாள். என்ன வறுக்கிறீர்கள் என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டவளிடம், தரையை வறுக்கோம், ஒரு கை தரட்டுமா என்றாள். மருமகளும் மாமியாரும் கண்ணில் புகை போய்ச் சிரித்தார்கள். லிங்கதுரைக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. இருந்தாலும் சிரித்தான்.

ஆடியில் சுயம்புக்கனி தாய்வீடு போனாள். ஓடுகள் சூளையில் திசையூட்டலுக்குக் கிடந்தன. ஆவணியில் பதித்த அன்றே ஜெயக்கொடி வந்து வாசலில் நின்றுகொண்டாள். சுயம்புக்கனி கால் வைத்தாள். விளக்கு சாதாரணமாக, எல்லோருக்கும் எரிகிற மாதிரி, எரிந்தது.

"இப்ப வீட்டுக்குப் பிடிச்சுப் போச்சு" என்றாள் ஜெயக்கொடி.

சுயம்புக்கனி வாயைத் திறக்கப் போனாள். மாமியார் பின்னாலிருந்து கிள்ளினாள்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சூடு திசையைத்தான் அழிக்கும், சோடியத்தை அழிக்காது. தரை மறுபடி படிக்க ஆரம்பித்தது. மருமகள் வந்த வீட்டில் மாமியார் உட்காரலாம் என்பது ஊர் நியாயம், முட்டியும் அதற்கு ஒத்துப்போனது. தங்கபுஷ்பம் உட்கார்ந்தாள். சூளையிலிருந்து வந்த கையோடு சுயம்புக்கனி நடந்தாள், அடுப்படிக்கு, கிணற்றடிக்கு, துணிக்கொடிக்கு, மறுபடி அடுப்படிக்கு. தையிலே பார்த்தால் அவள் கால் வைத்த இடமெல்லாம் எரிந்தது, முன்னை விடப் பளிச்சென்று. மற்ற யார் நடந்தாலும் மங்கியது. ஜெயக்கொடி வந்து பார்த்துவிட்டு மகாலட்சுமி என்றாள். அது ஏன் என்று சுயம்புக்கனிக்குத் தெரியும். தெரிந்தும் அவளுக்கு அது பிடித்திருந்தது. கூடத்தைக் கடக்கும்போது விளக்குகள் தனக்காக வரிசையாக எரிவதைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது? வேண்டுமென்றே ஓரிரு தடவை கூடுதலாக நடந்தும் பார்த்தாள்.

அதற்கிடையில் சூளை வாசலில் அவள் ஒரு பலகை மாட்டியிருந்தாள். உப்புப் புளி வாங்கப்படாது, உப்பு சேர்ந்தால் ஓடு வீட்டில் அதிகம் நடப்பவர் காலுக்கு மட்டும் பழகிவிடும், மற்றவருக்கு எரியாது என்று தெளிவாக எழுதியிருந்தாள். ஊர் அதைப் படித்தது. அடுத்த வாரத்திலிருந்து ஆண்பிள்ளை பெற்றவர்கள் பானை பானையாக உப்புப் புளியோடு வந்து நின்றார்கள். எச்சரிக்கையைச் செய்முறையாக எடுத்துக்கொண்டார்கள். ஜெயக்கொடி முதல் ஆள். அவள் மகனுக்கு வைகாசியில் கல்யாணம், பெண் திருச்செந்தூரில் வேலை பார்க்கிறவள்.

"அவ காலுக்கு மட்டும் எரியட்டும். பெறவு எங்க போயிருவா, பாக்கலாம்" என்றாள், கொஞ்சமும் ஒளிவுமறைவு இல்லாமல்.

சுயம்புக்கனி பானையைத் திருப்பிக் கொடுத்தாள். பெரியத்தை அதைப் பக்கத்து ஊர்ச் சூளைக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த மாதம்தான் காரைக்குடியில் ஆய்வுப் படிப்புக்கு இடம் கிடைத்தது. அவள் எழுதி அனுப்பியதே இந்த உப்பு ஞாபகத்தைப் பற்றித்தான். மூன்று வருஷம், மாதம் ஒருமுறை ஊருக்கு வரலாம். கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது சொன்னாள். ஜெயக்கொடிதான் முதலில் பேசினாள். வெளக்கு அவ காலுக்குத்தான எரியுது, எப்படி அனுப்புவ என்று தங்கையைக் கேட்டாள். எரியாததற்காக வெளியே போகச் சொன்ன அதே வாய்.

லிங்கதுரை தரையைப் பார்த்தான். "படிக்க வேண்டாம்னு சொல்லல. ஆனா வீடு இருட்டாயிருமே சுயம்பு."

"நீங்க என்னையக் கட்டுனியளா, வெளக்கக் கட்டுனியளா?"

அவளுக்கு அழுகை வந்தது, அது அவன் மேல் வந்த கோபத்தால் இல்லை. இந்தத் தரை தன்னைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஏங்கியவள் அவள்தான். தெரிந்துகொண்டது. இனி விடாது. போவதற்கு முன்னால் மறுபடி வறுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றாள்.

"வேண்டாம்" என்றாள் தங்கபுஷ்பம்.

அக்கா முன்னால் அவள் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. "ஒவ்வொரு தடவையும் தரைய வறுத்துட்டு இருக்க முடியுமா? இந்தத் தடவ ஆள வறுப்போம், அவன் நடக்கட்டும். நீ பெட்டிய அடுக்கு" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் ஏறிக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஜெயக்கொடி கோபித்துக்கொண்டு இருட்டிலேயே வெளியே போனாள்.

காரைக்குடி விடுதியில் தாழ்வாரத்து விளக்குகள் போகிற வருகிற எல்லோருக்கும் எரிந்தன. சமையல்காரருக்கு எரிந்தன, தபால்காரருக்கு எரிந்தன. முதல் வாரம் சுயம்புக்கனிக்கு அது ஆறுதலாக இருந்தது. இரண்டாவது வாரம், தான் நடந்ததும் வேறு யாரோ நடந்ததும் அந்தத் தரைக்கு ஒன்றுதான் என்பது கொஞ்சம் உறுத்தியது. உறுத்தியதற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள்.

அன்று பொழுது இருட்டுகிற நேரத்தில் போன் வந்தது.

"தேயிலை டப்பா எங்கட்டி இருக்கு?" லிங்கதுரை. குரலுக்குப் பக்கத்தில் ஏதோ பாத்திரம் உருண்டது.

மேல்தட்டில், அரிசி வாளிக்குப் பின்னால், மூடி உடைந்த டப்பா. கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடுவாள்.

"தேடுங்க."

"ஒண்ணும் தெரியலட்டி, இருட்டா இருக்கு."

"தேடி நடந்தாத்தான் தரைக்குத் தெரியும்."

அந்தப் பக்கம் கட்டிலிலிருந்து தங்கபுஷ்பத்தின் குரல், மேல்தட்டுல பாருலே என்றது.

"அத்தை, சொல்லாதிய" என்றாள் சுயம்புக்கனி.

"நான் எங்கட்டி சொன்னேன்" என்றது குரல்.

அவன் போனை எங்கேயோ வைத்துவிட்டான் போல. காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. அடுப்படிக்குப் போனது, நின்றது, கிணற்றடிக்குப் போனது, அங்கே எதற்குத் தேயிலை என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது, மறுபடி அடுப்படிக்கு வந்தது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து மூச்சு வாங்க வந்து எடுத்தான்.

"லேசா எரிஞ்ச மாதிரி இருந்துச்சு" என்றான்.

"மறுபடி நடங்க" என்றாள்.